அடுத்த மாதமே வாடகை 11,000 என்றால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. ராமேஸ்வரம் நகராட்சிக்குள் ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வாடகை 6,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000. முதலில் போட்ட 11 மாத ஒப்பந்தத்தை அதன்பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. போன வாரம் வீட்டுக்காரர் வந்து, "வர்ற ஒண்ணாந்தேதியிலிருந்து 11,000. முடியாதுன்னா காலி பண்ணிக் கொடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் கணவர் விசைப்படகுக்குப் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம். இப்படி ஒரேயடியாக ஏற்றச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒண்ணாந்தேதி சாமான் சட்டியோடு தெருவில் நிற்க வேண்டி வருமா என்பது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை அந்த வீட்டிலிருந்து வெளியேற்ற வீட்டுக்காரருக்கும் அதிகாரமில்லை, போலீசுக்கும் அதிகாரமில்லை. ஆனால் வாடகையைப் பழைய நிலையிலேயே சட்டம் பிடித்துவைத்துத் தரும் என்றும் நம்பியிருக்காதீர்கள். சட்டம் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் அவகாசம்தான். அந்த அவகாசத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. குடியிருப்பு வீடென்றால் கட்டடம், நில மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்குப் போட்டு நிர்ணயிப்பார்கள். அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. இதில் வாடகை என்பது இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிய தொகை. "வருசத்துக்கு அஞ்சு பர்சென்டுக்கு மேல ஏத்தக் கூடாது", "பத்துக்கு மேல போகக் கூடாது" என்று டீக்கடையில் சொல்வார்கள். அப்படி ஒரு உச்சவரம்பு இந்தச் சட்டத்தில் இல்லை. அதை நம்பி வீட்டுக்காரரிடம் வாதாடினால், அவர் ஒரு வக்கீலைக் கேட்ட மறுநாளே உங்கள் மற்ற நியாயமான வாதங்களும் எடுபடாமல் போகும்.

உங்களுக்குச் சாதகமாக அதே சட்டத்தில் சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், உயர்வு எவ்வளவு என்று அதிலேயே எழுதியிருந்தால் ஒழிய, நடுவில் ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதபோது, வாடகையை உயர்த்த விரும்பும் உரிமையாளர் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். வாசலில் நின்று வாயால் சொல்வது அறிவிப்பு ஆகாது. அப்படி எழுத்தில் அறிவிப்பு வந்த பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் புதிய வாடகைக்குச் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் எழுத்தில் ஏதாவது வந்தால் பதில் போடாமல் விடக் கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி நெருக்கடி கொடுப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அப்படி நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமிக்கிறார். ராமநாதபுரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி சந்தேகத்துக்கு இடமான பகுதி. உங்கள் வழக்கின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்காமல், வீட்டையும் காலி செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதாமாதம் தொடர்வதாக இந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அது அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். நீங்கள் அதைத் தாண்டி நாலரை வருடம் ஆகிறது. அதோடு, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யக் கேட்கும் காரணமாக உரிமையாளர்கள் முன்வைக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இருமடங்கு வாடகையில் தொடங்கி இழப்பீடு கேட்கவும் வழியுண்டு. இத்தனை வருடம் மாதாமாதம் வாடகையை வாங்கிக்கொண்டவர் இப்போது "காலம் முடிந்துவிட்டது" என்று சொல்ல முடியுமா என்பது உங்கள் தரப்பின் நல்ல வாதம். ஆனாலும் அது வாதம்தான், வெற்றி உறுதி என்று யாரும் எழுதித் தர முடியாது. மூன்று மாத அறிவிப்பு விதி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கும் அப்படியே பொருந்துமா என்பதிலும் இரு பக்கமும் பேச இடமிருக்கிறது. அதனால்தான் வழக்குக்குப் போவதை விட, வழக்கு வந்தால் தாங்கும்படி காகிதங்களைச் சரிசெய்துகொண்டு பேசி முடிப்பது உங்களுக்கு நல்லது என்கிறேன். உங்கள் பழைய பத்திரத்தை நேரில் படித்துப் பார்க்கும் வக்கீல் ஒருவர் இதற்கு மேலும் சொல்லலாம். ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள் வருமானக் கணக்கு இல்லாமலே அங்கு இலவச உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

இதை வேறு ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்று. இந்தச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை ஆகிய நகராட்சிகளும், மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சிகளும் இதற்குள் வரும். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி ஊராட்சியாக இருக்கும் ஊர்களில் வாடகை அதிகாரி கிடையாது. அங்கே 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம்தான். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் 15 நாள் அறிவிப்புக் கொடுத்து மாத வாடகையை முடித்துக்கொள்ளலாம். அதன்பிறகும் காலி செய்யவில்லை என்றால் உரிமையாளர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பூட்டை உடைக்க முடியாது. உங்கள் தெரு எதில் வருகிறது என்பது வீட்டு வரி ரசீதின் தலைப்பிலேயே இருக்கும். கோயில் இடத்திலோ வக்ஃபு இடத்திலோ இருப்பவர்களுக்குக் கதையே வேறு. கோயில் சொத்துக்கு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி ஒரு குழு வாடகையை நிர்ணயிக்கும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நிர்ணயித்த தொகையைக் கட்டியதற்கான ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கீழக்கரைப் பக்கம் உரிமையாளர் வளைகுடாவில் இருக்க, உறவினர் ஒருவர் வந்து வாடகை வாங்கிப் போவது சாதாரணம். ஏற்றச் சொல்வது உண்மையில் உரிமையாளர்தானா என்பதை அவரிடமிருந்தே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள். அந்த உறவினரிடம் பவர் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஒண்ணாந்தேதி பழைய வாடகை 6,500-ஐத் தவறாமல் கொடுங்கள். கையில் காசாகக் கொடுக்காதீர்கள். ஜிபே, போன்பே, வங்கிக் கணக்கு, எதுவானாலும் சரி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். அவர் "பழைய வாடகை எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள், அடுத்து மணியார்டரில் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதில் பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கோபத்தில், "அட்வான்ஸ்லயே கழிச்சுக்கங்க" என்று வாடகையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் அதுவே காலி செய்ய வைக்க நேரடியான காரணம். வாடகை உயர்வில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பாக்கி வைத்தால் அந்த நியாயத்தைக் கேட்க ஆள் இருக்காது. அட்வான்ஸில் கழிப்பதென்றால் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும்.

இரண்டாவது, இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் வீட்டில் மாதம் 6,500 ரூபாய் வாடகையில் குடியிருந்து வருகிறேன். முன்பணம் 50,000 ரூபாய் தங்களிடம் உள்ளது. கடந்த வாரம் தாங்கள் நேரில் வந்து, வரும் மாதம் முதல் வாடகை 11,000 என்று தெரிவித்தீர்கள். இந்த உயர்வுக்கு நான் சம்மதிக்கவில்லை. நியாயமான உயர்வு குறித்துப் பேசத் தயாராக உள்ளேன். பேசி முடிவாகும் வரை தற்போதைய வாடகையைத் தவறாமல் செலுத்துவேன்." கீழே தேதி, கையெழுத்து, கதவு எண். ஒரு நகலை வைத்துக்கொண்டு, ஒப்புகை வரும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நான்கு வரியில் மூன்று விஷயம் பதிவாகிவிடுகிறது: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, நீங்கள் சம்மதிக்கவில்லை என்பது. அட்வான்ஸுக்கு ரசீதே இல்லாதவர்களுக்கு, இந்தக் கடிதத்துக்கு மறுப்பு வராமல் இருப்பது பின்னால் கைகொடுக்கும்.

மூன்றாவது, பேச்சு. அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு கணக்குப் போட வேண்டும். நான் எடுத்துக்காட்டுக்குச் சில தொகைகள் வைக்கிறேன், உங்கள் தொகைகளை அதில் மாற்றிப் போடுங்கள். தங்கச்சிமடத்தில் 6,500-க்கே ஒரு வீடு கிடைக்கிறது என்று வைப்போம். தரகருக்கு ஒரு மாத வாடகை 6,500. குட்டி யானை வண்டியும் ஏற்றி இறக்கும் கூலியும் 5,000. ஃபேன் மாட்ட, அடுப்பு மேடை சரிசெய்ய, பால் காய்ச்ச என்று சில்லறையாக 2,500. மொத்தம் 14,000. பிள்ளைகளின் பள்ளி ராமேஸ்வரத்திலேயே இருந்தால் வண்டிக்கு மாதம் 1,500 கூடும். 14,000-ஐ இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 600. ஆக, அந்த 6,500 ரூபாய் வீடு உண்மையில் உங்களுக்கு 8,600 ரூபாய் வீடு. இப்போதிருக்கும் வீட்டை 8,600-க்குள் பேசி முடித்தால் இருப்பது லாபம். 11,000-லேயே அவர் நின்றால், மாறுவதற்கு ஆகும் செலவு ஐந்தே மாதத்தில் திரும்பிவிடும், மாறிவிடுவதே சரி. இந்த எண் கையில் இல்லாமல் பேசப் போனால் எந்த இடத்தில் எழுந்து வர வேண்டும் என்பது தெரியாது.

வீட்டுக்காரரின் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து, தீவுக்குள் மறுபடி ரயில் வந்துவிட்டது. யாத்திரை வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஒரு மாத வாடகையைப் பத்து நாளில் எடுத்துவிடலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, கோடை விடுமுறையில் அது நடக்கவும் செய்யும். ஆனால் நாள் வாடகை என்றால் வணிக மின் கட்டணம், அதற்கேற்ற வரி, ஆள் அழைத்து வருபவருக்குக் கமிஷன், தினம் விரிப்புத் துவைக்க, கழுவித் துடைக்க ஆள். வருகிறவர்கள் கடலில் முங்கி வந்து குளிக்கும் தண்ணீர் குடும்பம் செலவழிப்பதைப் போலப் பல மடங்கு. ஆழ்துளைக் கிணறு உப்பாக இருக்கும் தெருவில் அது லாரித் தண்ணீர்ச் செலவு. இதையெல்லாம் குத்திக்காட்டாமல், "அண்ணே, மாசம் பொறந்தா கைக்கு வர்ற காசு, பராமரிப்புச் செலவு இல்லாதது" என்கிற பக்கத்திலிருந்து பேசுங்கள். வீட்டு வரி ஏறிவிட்டது என்று காரணம் சொன்னால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. அரையாண்டு வரி 1,200-லிருந்து 1,800 ஆகியிருந்தால் மாதத்துக்கு 100 ரூபாய்தான் கூடியிருக்கிறது. அந்த நூறை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால், மீதி 4,400-க்கு அவரே காரணம் தேட வேண்டியிருக்கும்.

நீங்கள் முன்வைக்கும் தொகை ஒற்றை எண்ணாக இல்லாமல் மூன்று வருடத் திட்டமாக இருக்கட்டும். ஜூலை 1 முதல் 7,500, அடுத்த வருடம் 8,250, மூன்றாம் வருடம் 9,000. சராசரி 8,250 வருகிறது, உங்கள் வரம்புக்குள் நிற்கிறது. அவருக்கும் வருடாவருடம் ஏறுகிறது. தேதியை ஜூலைக்குத் தள்ளுவதற்குக் காரணம் வெளிப்படை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், படகு கடலுக்குப் போய் இரண்டு வாரமாவது பங்குக் காசு கைக்கு வந்தால்தான் கூடுதல் வாடகை கொடுக்க முடியும். நிவாரணத் தொகை 8,000 இரண்டு மாதச் சோற்றுக்கே காணாது என்பது இந்தக் கரையில் வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். நேரில் பேச்சு முறுகினால் ஊர்த் தலைவர், கீழக்கரை மாதிரி ஊரில் ஜமாஅத், பாம்பன், தங்கச்சிமடத்தில் பங்குச் சாமியார் என்று இருவரும் மதிக்கும் ஒருவரை வைத்துப் பேசுவது பலன் தருகிறது. பேசி முடித்ததை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ரவுடியையோ கட்சிக்காரரையோ அழைத்து வருவதை இரண்டு தரப்புமே செய்யக் கூடாது, அதன்பிறகு அந்த வாசலில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாது.

ஒருவேளை அவர் பூட்டுப் போட்டாலோ, சாமானை வெளியே எடுத்து வைத்தாலோ, கரண்டைத் துண்டித்தாலோ உடனே 100-க்கு அழைத்து, காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "இது சிவில் பிரச்சினை" என்று அனுப்பப் பார்ப்பார்கள். வாடகை எவ்வளவு என்பது சிவில்தான், பலவந்தமாக வெளியேற்றுவது சிவில் இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வெளியேற்றப்பட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றத்தில் திரும்ப உள்ளே விடக் கோரலாம். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே அங்கு பெரிதாக வராது, நீங்கள் அங்கே குடியிருந்தீர்கள் என்பது போதும். அதற்காக இப்போதே மின் கட்டண ரசீது, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை என்று அந்த முகவரி உள்ளவற்றை ஒரு பையில் எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

மாறுவதென்று முடிவெடுத்தால் அட்வான்ஸில்தான் அடுத்த சண்டை வரும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும், காலி செய்து ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். நம் கரையில் அந்தப் பிடித்தம் எங்கிருந்து வரும் என்றால், சுவர் அடியில் பூத்திருக்கும் உப்பு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கூரையில் காரை பெயர்ந்து தெரியும் இரும்பு. இவை உப்புக் காற்றும் கட்டடத்தின் வயதும் செய்தவை. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, வயரிங், குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை உங்கள் பொறுப்பு, அவற்றை நீங்களே 500, 1,000 செலவில் மாற்றிவிட்டுப் போனால் பிடித்தம் பேச இடமிருக்காது. சாமான் ஏற்றும் முன் ஒவ்வொரு அறையையும் வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள், மின் மீட்டர் எண்ணையும் சேர்த்து. சாவியைக் கொடுக்கும்போதே பணம் வாங்கப் பாருங்கள். பணம் பிறகு தருகிறேன் என்றால், தொகையும் தேதியும் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். தங்கச்சிமடம், பாம்பன் என்று ஊர் மாறுவதானால், ரேஷன் கார்டு முகவரியை மாற்றும் முன் கணவர் உறுப்பினராக இருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். முகவரி மாற்றத்தால் நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் அடுத்த தடைக்காலத்தில்தான் தெரியவரும்.

இருப்பதென்றாலும் மாறுவதென்றாலும், அடுத்து போடும் ஒப்பந்தம் 11 மாதத்துக்கு வேண்டாம், மூன்று வருடத்துக்குப் போடுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்டது என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், செலவு இருக்கும், அதைப் பாதிப் பாதியாக ஏற்கலாம். அதோடு நகர்ப்புற வீடென்றால் தமிழக அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவுத் தளத்திலும் பதிய வேண்டும். எத்தனை மாத ஒப்பந்தமானாலும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வருட வாடகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். "அவ்வப்போது நிலவும் வாடகைக்கு ஏற்ப" என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், உயர்வைத் திரும்ப அவர் வாய்க்கே விட்டுவிடும் வரி அது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார், எந்தக் கணக்கில் கட்டுவது, காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத அவகாசம் தருவது, அட்வான்ஸ் எந்தத் தேதியில் எப்படிக் கொடுக்கப்பட்டது என்ற மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். பத்திரம் எழுதுபவரிடம் தயாராக இருக்கும் மாதிரியில் இவை பெரும்பாலும் இருக்காது, நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்ச் சேர்க்கச் சொல்லுங்கள்.